மேஜையைச் சுற்றி நான்கு குரல்கள்

ஐரோப்பிய சங்கீதத்தில் மோட்டெட் என்று வழங்கும் இசைவகை ஒன்று உண்டு. வேத வாக்கியத்தையோ பழைய லத்தீன் துதியையோ பொருளாகக் கொண்டு, பல குரல்கள் தத்தம் போக்கில் தனித்தனியே நடந்தும், ஒன்றையொன்று தொடர்ந்தும், ஓரிடத்தில் ஒருங்கே கூடியும் பாடுமாறு அமைந்த சிறிய பக்தி இசை அது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலி, ஸ்பெயின், பிளாண்டர்ஸ் முதலிய தேசங்களில் இவ்வகை தன் பூரணப் பொலிவை எய்தியது. இங்கிலாந்திலோ, அதைப் பாடுவதற்குரிய கத்தோலிக்க வழிபாடே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், கத்தோலிக்கரான வில்லியம் பர்ட் என்னும் மகாவித்துவான் அதை இயற்றிக்கொண்டிருந்தார். அவர் 1605-ஆம் ஆண்டில் அச்சிட்ட ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ என்னும் மோட்டெட், நற்கருணையில் எழுந்தருளும் இயேசுவின் திருச்சரீரத்தை வணங்கும் இடைக்காலத் துதி ஒன்றுக்கு அமைத்த நாற்குரல் இசை. பாடி முடிக்க நான்கு நிமிஷமளவே ஆகும். இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஊறிப்போன அந்த நான்கு நிமிஷம் எந்த மண்ணில், எத்தகைய சுவர்களுக்கு நடுவே பிறந்தது என்று நேரில் காணும் ஆவலினால், ஒரு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் கீழ்த்திசை மாவட்டங்கள் வழியே பிரயாணம் செய்தேன்.

லிங்கன்

நியூவார்க் என்னும் ஊருக்கருகே ரயில் டிரெண்ட் நதியைக் கடக்கிறது. அவ்விடத்தில் 1572-ஆம் ஆண்டு ஜனவரியில் ராபர்ட் பார்சன்ஸ் என்னும் அரசவைப் பாடகர் நீரில் மூழ்கி இறந்தார். அவருடைய ஸ்தானத்துக்குத்தான், லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த இளைஞரான பர்ட் அழைக்கப்பட்டார். பழுப்பு நிறத்தில் அமைதியாக ஓடும் அந்த நதியைப் பார்க்கும்போது, ஒருவருடைய மரணம் மற்றொருவருடைய வாழ்க்கையை எங்கே கொண்டு சேர்த்துவிடுகிறது என்ற வியப்பு எழாமல் இராது.

நதியைக் கடந்த பின் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாற்கோதுமை வயல்கள். தஞ்சை ஜில்லாவின் சமவெளியில் பயணம் செய்து பழகிய எனக்கு அந்தத் தட்டையான பூமி அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் வரப்போரத்துப் பனைகளுக்கும் தென்னைகளுக்கும் பதிலாக இங்கே நெடுந்தூரத்துக்கு ஒன்றாக நிற்பவை ஓக் மரங்கள். நம் நாட்டில் சட்டென்று கவிந்துவிடும் அந்தி, இங்கே ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரையில் வானத்தை விட்டு அகல மனமில்லாமல் நிற்கிறது. இவ்வளவு பெரிய சமவெளியின் நடுவே ஒரே ஒரு குன்று. அதன் உச்சியில் மூன்று கோபுரங்களோடு லிங்கன் பேராலயம். நடுக்கோபுரத்தின்மேல் முன்பு ஈயத் தகடு வேய்ந்த உயர்ந்த கூர்முடி ஒன்று இருந்து, 1548-இல் விழுந்துவிட்டதாம். பர்ட் இங்கு வந்தபோது அது விழுந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஸ்டீப் ஹில் என்னும் செங்குத்தான கல் பாவிய தெருவில் மூச்சு வாங்க ஏறி, நான் தங்கியிருந்த வீட்டை அடைந்தபோது, வீட்டுக்கார மூதாட்டி தேநீருடன், உலர் திராட்சை கலந்து சுட்ட ரொட்டியை வெண்ணெய் தடவி, அதன்மேல் பாலாடைக் கட்டித் துண்டு ஒன்றை வைத்துக் கொடுத்தார். இனிப்போடு உப்பைச் சேர்த்து உண்பது அந்த மாவட்டத்து வழக்கம். “பர்டைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? நாங்கள் அவரைத் தினமும் கேட்கிறோம், ஆனால் அவர் யார் என்று யாரும் கேட்பதில்லை” என்றார் அவர். உள்ளன்போடு சொன்ன அந்த வார்த்தையில் ஒரு சிறு வருத்தமும் இருந்தது.

1563-ஆம் ஆண்டில், சுமார் இருபத்து மூன்று வயதில், பர்ட் இந்த ஆலயத்தின் ஆர்கன் வித்துவானாகவும் சிறுவர் பாடகர்களின் ஆசிரியராகவும் நியமனம் பெற்றார். ஆலயத்தை அடுத்த மின்ஸ்டர் யார்ட் வளாகத்தில் அவர் வசித்த 6-ஆம் இலக்க வீட்டை ஆலயப் பணியாளர் ஒருவர் எனக்குக் காட்டினார். ஆண்டுக்கு 13 பவுனுக்குச் சற்று மேற்பட்ட சம்பளம். இந்தத் தொகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும். சீர்திருத்தக் கொள்கையில் ஊறிய ஆலய நிர்வாகத்துக்கும் விரிவான இசையில் மோகம் கொண்ட இந்த இளைஞருக்கும் ஒத்துப்போகவில்லை. 1569-இல் அவருடைய சம்பளம் சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டில், துதிப் பாடல்களுக்கு முன் பாடகர்களுக்குச் சுருதி கொடுக்கும் அளவுக்கே ஆர்கன் வாசிக்க வேண்டுமென்று விதி பிறந்தது.

அன்று மாலை வழிபாட்டில் பாடகர் குழு அணிவகுத்து வந்து அமர்ந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த சிறுவர்களும் சிறுமியரும் முன்வரிசையிலும், ஆண்கள் பின்வரிசையிலும் நின்றார்கள். வாரம் நற்கருணைத் திருநாளை ஒட்டியதாகையால், அவர்கள் அன்று பாடத் தேர்ந்தெடுத்தது நான் தேடிவந்த மோட்டெட்டையே. எந்தத் திருச்சபை அவருடைய மதத்தைக் குற்றமாகக் கருதிற்றோ அந்தத் திருச்சபையின் ஆலயத்தில், அவர் ஒளிந்து பாடுவதற்காக எழுதிய லத்தீன் இசை இன்று பகிரங்கமாக ஒலிக்கிறது. சிறுவர்களின் குரல் தூண்களைத் தழுவி மேலே சென்று, கூரையின் விலா வளைவுகளில் தங்கி, அடுத்த வரி பிறந்த பின்பும் கலையாமல் நின்றது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. எனினும் எதிரொலியின் அந்தப் பொன்மூட்டத்தில், எனக்கு மிகவும் பிரியமான ஒரு நுட்பம் கரைந்துபோயிற்று. அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

லண்டன்

லண்டனில் நான் பார்க்க விரும்பியது அரண்மனைகளை அன்று. ஆக்ஸ்போர்டு வீதியும் எட்ஜ்வேர் சாலையும் கூடும் மார்பிள் ஆர்ச் சந்தியில், சிவப்புப் பேருந்துகள் இடைவிடாமல் சுற்றிவரும் நடைமேடையில், தரையோடு தரையாகப் பதித்த வட்டக் கல் ஒன்று இருக்கிறது. டைபர்ன் தூக்குமரம் நின்ற இடம் அது. ஏசுசபைக் குருவான எட்மண்ட் காம்பியன் 1581-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி அங்கே கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான், அரசாங்கத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வர மறுக்கும் கத்தோலிக்கருக்கு மாதம் 20 பவுன் அபராதம் என்று சட்டமாயிற்று. லிங்கனில் பர்ட் ஓராண்டு உழைத்துப் பெற்ற சம்பளத்தை மறுபடியும் நினைத்துப் பார்த்தால் அந்த அபராதத்தின் கொடுமை விளங்கும்.

இவ்வளவுக்கும் நடுவே எலிசபெத் ராணியின் அரசவைப் பாடகராகவே பர்ட் நீடித்தார் என்பது சரித்திரத்தின் அதிசயங்களுள் ஒன்று. ராணிக்கு இசையின் அருமை தெரியும். 1575-இல் பர்டுக்கும் அவருடைய மூத்த சகபாடியான தாமஸ் டாலிஸுக்கும் இசைநூல் அச்சிடும் தனியுரிமையை 21 ஆண்டுகளுக்கு அவள் வழங்கினாள். இருவரும் ஆளுக்குப் பதினேழு லத்தீன் மோட்டெட்டுகளைச் சேர்த்து ஒரு நூலாக வெளியிட்டு, தன் ஆட்சியின் பதினேழாம் ஆண்டில் இருந்த அவளுக்கே சமர்ப்பித்தார்கள். அரசாங்கத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராததற்காகப் பர்டின் மீது வழக்குத் தொடர்ந்தபோதும், 1592-இல் ராணியின் ஆணையால் அது நிறுத்தப்பட்டது.

ஆயினும் மனத்தின் வேதனை நிற்கவில்லை. பிலிப் டி மோந்தே என்னும் பிளாண்டர்ஸ் தேசத்து வித்துவான், பாபிலோன் நதிக்கரையில் சிறைப்பட்டு அழும் இஸ்ரவேலரின் சங்கீதத்தை எட்டுக் குரல் மோட்டெட்டாக அமைத்து 1583-இல் பர்டுக்கு அனுப்பினார். அந்நிய மண்ணில் ஆண்டவனுடைய பாடலைப் பாடுவது எங்ஙனம் என்று வினவும் அதே சங்கீதத்தின் அடுத்த பகுதியை எட்டுக் குரல்களில் அமைத்து மறு ஆண்டே பர்ட் பதில் அனுப்பினார். கடிதத்தில் எழுதினால் கழுத்துக்கு ஆபத்து வரும் விஷயத்தை இரு கலைஞர்கள் ஸ்வரங்களில் பேசிக்கொண்டார்கள். அந்த வட்டக் கல்லருகே நின்றபோது, எட்டுக் குரலில் பாடிய அந்த விடையின் கனம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

இங்கேட்ஸ்டன்

லண்டனை விட்டு எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துக்குள் ரயில் நுழைந்து, வீடுகளின் நெருக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்து, வேலிச் செடிகளும் களிமண் வயல்களும் தோன்றத் தொடங்கும் இடத்தில் இங்கேட்ஸ்டன் இருக்கிறது. செங்கல்லால் பழைய பாணியில் கட்டிய சின்னஞ்சிறு நிலையம். அங்கிருந்து வயலோரப் பாதையில் ஒரு மைல் நடந்தால் பீட்டர் குடும்பத்தாரின் மாளிகை வருகிறது. படிப்படியாக ஏறும் முகப்புச் சுவர்களும், முறுக்கிய புகைபோக்கிகளும், நுழைவாயிலின்மேல் ஒற்றைக் கை கடிகாரமும் கொண்ட செங்கல் வீடு. கோட்டை போல மிரட்டாமல், குடித்தனம் நடத்தும் வீடு போலவே இருக்கிறது. இன்றும் அதே குடும்பத்தார் அதில் வசிக்கிறார்கள்.

இதைக் கட்டிய சர் வில்லியம் பீட்டர் எட்டாம் ஹென்றி முதல் எலிசபெத் வரை நான்கு அரசர்களுக்கு மந்திரிப் பதவியில் பணியாற்றியவர். மடங்களைக் கலைக்கும் வேலையில் பங்கு கொண்டு, பார்க்கிங் மடத்துக்குச் சொந்தமாயிருந்த இந்த நிலத்தையே விலைக்கு வாங்கினார். அவருடைய சந்ததியாரோ பழைய மதத்தைக் கைவிடாமல் அதற்காகத் துன்பம் அனுபவித்தார்கள். அவர் மனைவியின் ஆதரவில் இவ்வீட்டில் தங்கியிருந்த ஜான் பெயின் என்னும் குருவானவர் 1582-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி, அருகிலுள்ள செம்ஸ்போர்டில் தூக்கிலிடப்பட்டார்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய வயோதிகர், ஓர் அறையின் மூலையில் பலகையைத் தூக்கி, கீழே சுவருக்குள் மறைந்த குழியைக் காட்டினார். சுமார் 14 அடி நீளம், 2 அடி அகலம். குருமார் ஒளிந்திருந்த அந்த இடம் 1855-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. “தேடுவோர் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், அளவு எடுப்பார்கள், சில சமயம் நாட்கணக்கில் வீட்டிலேயே குடியிருந்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் தும்மக் கூடாது” என்றார் அவர். குனிந்து உள்ளே பார்த்தேன். சுண்ணாம்பு வாசனையும் குளிர்ந்த இருளும் முகத்தில் வந்து மோதின.

வில்லியம் பீட்டரின் குமாரரான ஜான் பீட்டர் பர்டின் நண்பரும் புரவலருமாக விளங்கினார். அவருடைய வீட்டுக் கணக்கேடுகளில், பர்ட் வந்து தங்கியதற்குக் குறிப்புகள் இருக்கின்றன. 1593-ஐ ஒட்டி, ஐம்பது வயதைக் கடந்த பர்ட் லண்டன் வாழ்வை விட்டு இப்பகுதியிலேயே குடியேறினார். மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கான அவருடைய பூசை இசைகளும், ஆண்டு முழுவதன் திருநாள்களுக்கும் உரிய லத்தீன் பாடல்களை இரண்டு பாகங்களில் தொகுத்த ‘கிராதுவாலியா’வும் இந்தச் சூழலில் உருவானவை. முதற்பாகம் 1605-இல் வெளிவந்தது. அதிலுள்ள 63 உருப்படிகளுள் ஒன்றுதான் நம்முடைய மோட்டெட். அதே ஆண்டில், லண்டன் உணவு விடுதி ஒன்றில் இந்நூலை வைத்திருந்ததற்காக ஒரு பிரெஞ்சுக்காரர் நியூகேட் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1607-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தைப் பர்ட் பீட்டர் பிரபுவுக்கே உரிமையாக்கி, அவ்விசை பெரும்பாலும் அவருடைய வீட்டில் விளைந்தது என்ற கருத்தில் நன்றியோடு எழுதினார்.

அன்று மாலை, ஊருக்குள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். அவரும் அவருடைய அண்டை அயலார் மூவரும் வாரந்தோறும் கூடிப் பழைய இசையைப் பாடுகிறவர்கள். மேல்குரலுக்கு ஆசிரியை; அடுத்ததற்கு மருத்துவமனைத் தாதி ஒருவர்; மூன்றாவதற்குத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் இளைஞர்; கீழ்க்குரலுக்குத் தடித்த கைகளும் கூச்ச சுபாவமும் உள்ள விவசாயி ஒருவர். ஆசிரியையின் கணவருக்குப் பாட வராது. சமையல் அவர் பொறுப்பு. புதினா இட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கும், தோட்டத்துத் தண்ணீர்விட்டான் தண்டும், பாலேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரிப் பழமும் பரிமாறினார். காரம் என்பதே அறியாத அந்த உணவில், மண்ணின் இயல்பான மணத்தை எதுவும் மறைக்கவில்லை. சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு, அதே மேஜையைச் சுற்றி அமர்ந்து பாடத் தொடங்கினார்கள்.

பர்டின் காலத்தில் நான்கு குரலையும் ஒருங்கே காட்டும் தாள் பாடகர்களிடம் கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தனிப் புத்தகம்; அதில் அவரவர் பாட வேண்டிய பகுதி மட்டுமே அச்சாகியிருக்கும். மற்றவர் என்ன பாடுகிறார் என்பதைக் கண்ணால் காண வழியில்லை; காதால் கேட்டே தன் இடத்தை அறிய வேண்டும். இவர்களும் அம்முறையையே பின்பற்றித் தனித்தனிப் பிரதிகள் வைத்திருந்தார்கள். கையசைத்து நடத்துவோர் ஒருவரும் இல்லை. “என் குரலைக் காட்டிலும் பக்கத்தில் இருப்பவருடைய குரலைத்தான் நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது, ஐயா. கேட்காவிட்டால் இரண்டாம் வரியிலேயே பிரிந்துவிடுவோம்” என்றார் ஆசிரியை.

லிங்கனில் கரைந்துபோன நுட்பத்தை இப்போது சொல்கிறேன். மோட்டெட்டின் ஆதார ஸ்வரத்தை நம் ஷட்ஜமாகக் கொண்டால், தொடக்கத்திலேயே மேல்குரல் காகலி நிஷாதத்தைத் தொடுகிறது. அது காதை விட்டு அகலுமுன், கீழ்க்குரல் கைசிகி நிஷாதத்தில் வந்து ஊன்றுகிறது. ஒரே ஸ்வரத்தின் இரண்டு உருவங்கள், அரை ஸ்வர தூரத்தில், இரண்டு மனிதர்களின் தொண்டையில் அடுத்தடுத்து எழுகின்றன. ஒற்றைக் குரலின் சஞ்சாரத்திலேயே ராகத்தின் முழு உருவத்தையும் காணப் பழகிய நம் செவிக்கு, இந்த உரசல் முதலில் திடுக்கிடச் செய்வது. பின்பு அதுவே அந்த இசையின் ஜீவனாகத் தெரிவது. கல் வளைவுகளின் கீழே அது புகைபோலக் கலந்துவிட்டது. இந்தச் சிறு அறையிலோ, விவசாயியின் கீழ்க்குரல் என் முழங்கைக்கருகே எழுந்தபோது, ஆறாத காயத்தின்மேல் விரல் பட்டது போலிருந்தது.

பின்னர், மேல்குரல் தனியாக நின்று இயேசுவை இனியவனே என்று விளிக்க, மற்ற மூன்றும் அதை வாங்கி மறுமொழியாக வழங்கின. இரக்கத்தை வேண்டும் சொற்கள் வந்ததும், ஒரு குரல் தொடங்கியதை மற்றொன்று தொடர்ந்து, பின்னிப் பின்னிச் சென்றன. அந்தப் பகுதியை முழுவதும் மீண்டும் ஒருமுறை பாடி, இறுதியில், மோட்டெட் நெடுகிலும் ஆட்சி செய்த சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக உயர, நால்வரும் நிறுத்தினார்கள். கிராதுவாலியாவின் முன்னுரையில் பர்ட் ஒரு கருத்தைச் சொல்கிறார்: திருவசனங்களைச் சிந்தையில் வைத்து ஊன்றித் தியானிப்பவனுக்கு, அவற்றுக்குப் பொருத்தமான ஸ்வரங்கள் எவ்வாறோ தாமே வந்து நிற்கும் என்பது அது. அந்த மேஜையருகே இருந்து கேட்டவனுக்கு இந்த வாக்கில் மிகை எதுவும் தோன்றாது. இவ்விசை ஜனக்கூட்டத்துக்காக எழுந்தது அன்று. வாசற்கதவைத் தாழிட்ட பின், ஒரு குடும்பத்தாரும் அவர்களை நம்பி வந்த ஒரு குருவும், தாங்கள் உயிரினும் மேலாகக் கருதிய ஒன்றின் முன் மண்டியிடுவதற்காக எழுந்தது. அதன் அடக்கமே அதன் ஆற்றல் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஸ்டாண்டன் மாசி

மறுநாள் அந்த விவசாயியே தம் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு, வேலிகளில் காட்டு ரோஜா பூத்த ஒடுங்கிய பாதைகளின் வழியே, சில மைல் தூரத்திலுள்ள ஸ்டாண்டன் மாசி கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். வழியெல்லாம் வாற்கோதுமையின் விலையையும் மழை பொய்த்ததையும் பற்றியே பேசினார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பர்ட் தம் கடைசி முப்பது ஆண்டுகளை இந்தக் கிராமத்தில் கழித்தார். அவர் குத்தகைக்கு எடுத்த ஸ்டாண்டன் பிளேஸ் என்னும் பண்ணை, ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கத்தோலிக்கரிடமிருந்து அரசாங்கம் பறித்துக்கொண்டது. அந்தக் குடும்பத்து விதவை நிலத்தைக் கேட்டு நெடுங்காலம் வழக்காடினாள். தம்மைப் போலவே மதத்துக்காக இன்னலுற்ற ஒரு குடும்பத்தின் நிலத்தை அவர் விடாப்பிடியாக வைத்துக்கொண்டது எனக்கு உவப்பாக இல்லை. பெரிய கலைஞரிடமும் குறை உண்டு. அதை மறைத்து எழுதுவதால் அவருக்குப் பெருமை சேர்ந்துவிடாது. கிராம ஆலயத்தின் வழிபாட்டுக்கு வராத குற்றத்துக்காக அவரும் அவருடைய குடும்பத்தாரும் திரும்பத் திரும்ப விசாரணைக்கு உட்பட்டு, சபை நீக்கமும் செய்யப்பட்டார்கள்.

அந்த ஆலயம் வயல்களுக்கு நடுவே, ஊரை விட்டு ஒதுங்கி நிற்கிறது. நார்மானியர் காலத்துச் சுவர்கள், மரப்பலகையால் ஆன மணிக்கூடு, உள்ளே இருபது வரிசைகூட இல்லாத இருக்கைகள். புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் வேலையை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, சுவரில் 1923-ஆம் ஆண்டில், பர்ட் மறைந்த முந்நூறாவது ஆண்டின் நினைவாகப் பதித்த பலகையைக் காட்டினார். 1623-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பர்ட் உயிர்நீத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் உண்மையான உறுப்பினனாகவே வாழ்ந்து சாக விரும்புவதாகவும், ஸ்டாண்டன் ஆலயத்தில் தம் மனைவிக்கருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்றும் மரண சாசனத்தில் எழுதியிருந்தார். உயிரோடு இருக்கையில் எந்த ஆலயத்தின் வாசலை மிதிக்க மறுத்தாரோ, அதன் மண்ணிலேயே அவர் உறங்க விரும்பினார். கல்லறை இன்ன இடம் என்பதற்கு அடையாளக் கல் இல்லை. ஆனால் லண்டனில் அரசவை ஆலயத்துப் பதிவேடு, அவருடைய மரணத்தைக் குறிக்கும்போது, இசையின் தந்தை என்று அவரைச் சிறப்பித்தது.

இந்த மோட்டெட்டைப் புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெரிய ஆலயங்களில் பெருங்குழுக்கள் பாடிய இசைத்தட்டுகள் எளிதாகக் கிடைக்கும். அவற்றைப் பிறகு கேட்கலாம். ஒரு குரலுக்கு ஒருவராக நால்வர் மட்டும் சிறு அறையில் பாடிய பதிவுகளும் இருக்கின்றன. அவற்றையே முதலில் தேடிப் பிடித்து, முதல் தடவை மேல்குரலை விட்டுவிட்டுக் கீழ்க்குரல் ஒன்றையே பின்தொடர்ந்து கேளுங்கள்.